தொண்ணூறு நிமிடத்துக்கான விலை

வெள்ளிக்கிழமை மரக்கறிச் சாப்பாடு முடிந்ததும் என் கணவர் கையைக் கழுவிவிட்டு வந்து, தன் போனை மேசையில் வைத்து என் பக்கம் தள்ளுவார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுங்க அதிகாரி மாதிரி ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பேன். மூன்று வருடமாக இதுதான் எங்கள் வீட்டு வழக்கம். பிக்கரிங்கில் வீடு வாங்கச் சேர்த்த காசை அவர் உதைபந்தாட்டப் பந்தயத்தில் விட்ட பிறகு, கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தேன். சத்தியத்தை நம்பினேன். ஆனாலும் போனைப் பார்த்தேன். நான் அப்படிப்பட்டவள்.

மட்ச் பார்ப்பதற்குத் தடை போடவில்லை. அதையும் பிடுங்கினால் மனுசன் இந்தக் குளிரில் எதைப் பார்த்துக்கொண்டிருப்பார்? ஆனால் இப்போதெல்லாம் இடைவேளையில் வருவது முழுக்கப் பந்தய விளம்பரங்கள்தான். வந்த உடனே நான் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை நிறுத்துவேன். அவர் எழும்பிப் போய்த் தேத்தண்ணி வைப்பார். இதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் பேசியதில்லை.

நான் மாட்டுப்பட்ட கதை வெட்கக்கேடு. அவருடைய போனில் எதைத் தேட வேண்டும் என்று தெரியாமல் எப்படித் தேடுவது? அதற்காகத்தான் பந்தய ஆப் ஒன்றை என்னுடைய போனில் இறக்கினேன். அதன் படம் எப்படி இருக்கும், எந்த நிறம், என்ன எழுத்து என்று பார்க்க. சேர்ந்ததற்காக இருபது டொலர் சும்மா தந்தார்கள். சும்மா வந்ததுதானே என்று ஒரு மட்சில் போட்டேன், வென்றது. வேலைக்குப் போகும் வழியில் மில்லிக்கன் பிளாசாவில் காரை நிறுத்திவிட்டு, கோப்பி ஆறும் வரைக்கும், எந்த அணி வென்றால் எவ்வளவு தருவார்கள் என்ற பந்தய விலைகளைப் பார்க்கும் பழக்கம் அப்படித்தான் வந்தது. என்னுடைய போனைப் பார்க்க ஒருவரும் இல்லை.

அவர் ஏசுவார் என்ற பயம் எனக்கு இருக்கவில்லை. ஏசுவதற்கு அவருக்கு வாய் ஏது? என் பயம் வேறு. நானும் செய்கிறேன் என்று தெரிந்த அன்றைக்கு அவர் பிடித்துக்கொண்டு நிற்கும் சத்தியம் கையை விட்டுப் போய்விடும். போன முறை போனது வீட்டுக் காசு. இந்த முறை மனுசனே போய்விடுவார். இதெல்லாம் தெரிந்துகொண்டுதான் செய்தேன்.

அது ஒரு கப் போட்டியின் அரையிறுதி. சனிக்கிழமை மத்தியானம். காலையில் காருக்குள் இருந்து பார்த்தபோது ஒரே அணிக்கு இரண்டு விலை போட்டிருந்தார்கள். மேல் வரியில் ஒன்று தசம் எட்டு. கொஞ்சம் கீழே இறங்கினால் அதே அணிக்கு ஒன்று தசம் நாலு. நூறு போட்டால் மேலே நூற்றெண்பது, கீழே நூற்று நாற்பது. எந்த விசரன் கீழே போடுவான்? மேல் வரியில் இரண்டு அணிக்கும் நடுவே, சமநிலை என்று இன்னொரு விலையும் இருந்தது. அதைப் பார்த்து எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. அரையிறுதியில் யாராவது ஒருவர் போய்த்தானே ஆக வேண்டும்?

நான் உதைபந்தாட்டம் படித்தது கோடையில் இங்கே நடக்கும் ஊர்ச் சங்க ஒன்றுகூடல்களில். அங்கே சமனாக முடிந்தால் நேரே பெனால்டி. யார் அடுத்த சுற்றுக்குப் போனார்களோ அவர்கள்தான் வென்றவர்கள். கொத்துரொட்டிக்குப் பந்தயம் பிடிக்கும் அங்கிள்மாரும் அப்படித்தான் தீர்த்துக்கொள்வார்கள். தொண்ணூறு நிமிடத்துக்கு ஒரு வெற்றி, முழு ஆட்டத்துக்கு இன்னொரு வெற்றி என்று அங்கே ஒருவரும் சொன்னதில்லை. நானூறு டொலரை மேல் வரியில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

சோபாவில் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். போன் என் தொடைக்குக் கீழே. அவர் கச்சான் கடலை உடைத்துக்கொண்டு பார்த்தார். என் அணி ஒரு கோல் அடித்ததும் கையைத் தட்டப் போய், தலைமயிரைச் சரிசெய்வது போல நடித்தேன். எண்பத்தைந்தாவது நிமிடம் மற்றவர்கள் திருப்பி அடித்தார்கள். தொண்ணூறு முடிந்த கையோடு போன் ஒருமுறை நடுங்கியது. அவர் கச்சான் உடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஆரும் மெசேஜ் போட்டிருக்கினம் போல," என்றேன்.

அவர் டிவியின் பக்கம் திரும்பினார். மேலதிக நேரத்திலும் கோல் இல்லை. பெனால்டிக்குப் போனது. ஒவ்வொரு உதைக்கும் நான் சோபாவின் நுனிக்கு நகர்ந்தேன். கடைசி உதையில் என் அணி வென்றது.

"ஐயோ, வெண்டிட்டாங்கள்!" என்று கத்திக்கொண்டு எழும்பிவிட்டேன். கச்சான் கோது முழுக்கக் கம்பளத்தில்.

அவர் இருந்த இடத்தில் இருந்தபடியே கேட்டார். "நீர் எதிலை கட்டினனீர்? தொண்ணூறு நிமிசத்திலையோ, அடுத்த சுற்றுக்குப் போறதிலையோ?"

நான் சோபாவில் கிடந்த போனைக் கையில் எடுத்தேன்.

"போனைத் தாரும், பாப்பம்."

கொடுத்தேன். ஆட்டம் தொண்ணூறு நிமிடத்தில் முடிந்த உடனேயே நான் தோற்றுவிட்டேன் என்று அதில் எழுதியிருந்தது. அந்த நடுக்கம் அதுதான்.

"உது தொண்ணூறு நிமிசத்துக்கு மட்டும்," என்றார். குரல் மெல்லியதாக, கவலையாகத்தான் இருந்தது. "பிறகு பெனால்டியிலை வெண்டாலும் உதிலை சமன்தான். கீழை கிடந்ததுதான் அடுத்த சுற்றுக்குப் போறது. உமக்கு ரெண்டு விலையைக் கண்டும் விளங்கேல்லையே? ஒண்டை அந்த விலையாலை பிரிச்சுப் பாரும். ஒண்டு தசம் எட்டு எண்டால் நூறிலை அம்பத்தஞ்சு தரம் வெல்லும். ஒண்டு தசம் நாலு எண்டால் எழுபத்தொண்டு. அவங்கடை லாபத்தைக் கழிச்சால் ரெண்டும் இன்னும் குறையும். உந்த வித்தியாசம் உமக்குச் சும்மா தந்த காசில்லை. சமப்படுறதைப் பற்றி நீர் யோசிக்கேல்லை, அவங்கள் யோசிச்சு வச்சிருக்கிறாங்கள்."

சொல்லச் சொல்லக் குரல் ஏறியது. முதுகு நிமிர்ந்தது. பெருவிரல் திரையில் வேகமாக ஓடியது. மூன்று வருடமாகத் தேத்தண்ணி வைத்துக்கொண்டிருந்த மனுசனுடைய விரல் இல்லை அது.

"நாளைக்கு மற்ற அரையிறுதி," என்றார். "ரெண்டும் பயந்து பயந்து விளையாடுற அணியள். இஞ்சை பாரும், சமநிலைக்கு மூண்டு தசம் நாலு குடுக்கிறாங்கள். உது நல்ல விலை."

"தாங்கோ போனை."

"பொறும், ஒருக்காப் பாப்பம்."

"தாங்கோ எண்டு சொன்னனானெல்லே!"

தந்தார். ஆனால் அவருடைய கை உடனே விடவில்லை, நான் இழுத்துத்தான் எடுத்தேன். அவருக்கு முன்னாலேயே கணக்கை மூடினேன். எவ்வளவு காலத்துக்கு மூட வேண்டும் என்று ஆப் கேட்டது, இருந்ததிலேயே கூடியதைத் தெரிவுசெய்தேன். அவர் குனிந்து கச்சான் கோதைப் பொறுக்கத் தொடங்கினார். நான் அழுதேன். "அழாதையும்," என்றார், நிமிர்ந்து பார்க்காமல்.

ஞாயிற்றுக்கிழமை டிவி போடவில்லை. வெக்ஸ்போர்ட்டில் தெரிந்தவர்கள் வீட்டில் ஒரு பிறந்தநாள், போய்விட்டு வந்தோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் தன் போனைத் தள்ளினார், நான் என்னுடையதைத் தள்ளினேன். அவருடையதில் ஒன்றும் இல்லை. என்னுடையதை அவர் எடுத்து வைத்துக்கொண்டு கனநேரம் இருந்தார். அந்த ஆப் இருந்த இடத்தில் விரலை வைத்தபடி.

"ஒண்டுமில்லை," என்று சொல்லித் திருப்பித் தந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மட்ச் என்னவானது என்று அவர் எனக்குச் சொல்லவில்லை. நான் பிறந்தநாள் வீட்டுக் குளியலறைக்குள் நின்று போனில் ஒளித்துப் பார்த்ததை அவருக்குச் சொல்லவில்லை. தொண்ணூறு நிமிடம் முடியும்போது ஒன்றுக்கு ஒன்று, அவர் சொன்ன அதே சமநிலை. நான் வெளியே வந்தபோது அவர் கேக் தட்டோடு சுவரில் சாய்ந்து நின்றார். என்னைக் கண்டதும் பார்வையைத் திருப்பிக்கொண்டார். அவருக்கும் தெரிந்திருந்தது.