மாடிவீட்டு நர்ஸின் பியானோ

நெய்யூரில் எங்கள் மாடியில் ஒரு நர்ஸ் வாடகைக்கு இருந்தார். வேலை முடிந்து வந்ததும் டொக் டொக்கென்று எதையோ இடிப்பார். ஒருநாள் பொறுக்காமல் மேலே போனேன்.

ஹெட்போன் மாட்டிக்கொண்டு மின்சார பியானோவில் ஒரே ஸ்வர வரிசையைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார். கட்டைகள் தட்டும் சத்தம் மட்டும்தான் கீழே இறங்கியிருக்கிறது. முகத்தில் பாயசம் குடித்த திருப்தி. ஹெட்போனை என் காதில் வைத்து வாசித்துக் காட்டினார்.

"என்ன மக்ளே இது, பல்லு கூசுகு" என்றேன்.

"இந்த வரிசையே அப்படித்தான் மாமா. எனக்கும் மொதல்ல கூசிச்சு. இப்பம் கூசலேன்னா, எங்கேயோ தப்பா வாசிக்கேன்னு அர்த்தம்."

சத்தம் அடங்க, பியானோ மேசைக்கடியில் போடுவதற்கு ரப்பர் பாய் ஒன்று வாங்கினேன். கொடுக்க மனம் வரவில்லை. மாலையில் டொக் டொக் கேட்டதும் கீழே எனக்குப் பல் கூசும். இன்றைக்குச் சரியாகத்தான் வாசிக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.