இருபத்தொன்பதாம் கோடு

அர்ச்சுனன் மரக்காணம் உப்பளத்தில் டிகிரி பார்க்கிறவன். பாத்தித் தண்ணீரைக் குவளையில் மொண்டு, கோடு போட்ட கண்ணாடிக் குழாயை அதில் மிதக்கவிட்டு, தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று சொல்ல வேண்டும். இருபத்தொன்பதைத் தொட்டால் மடையைத் திறந்து பழைய தண்ணீரை வெளியேற்றிவிடுவார்கள். தவறினால் உப்பு கசந்துவிடும். பேருக்கேற்ற கண்ணு என்று நாலு பேர் சொல்லிச் சொல்லியே ஆளுக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது.

நாற்பத்தாறு வயதில் கோடுகள் கலங்க ஆரம்பித்தன. குவளையைத் தள்ளித் தள்ளிப் பிடித்தான். கடைசியில் கைதான் நீளம் போதவில்லை. ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொள்ள என்ன கேடு என்று நீங்கள் கேட்கலாம். டீக்கடை குழந்தைசாமி முதன்முதலில் கண்ணாடி போட்டு வந்தபோது, "வாய்யா நாலு கண்ணு" என்று கடையே சிரிக்கக் கூப்பிட்டவன் இவன்தான். அந்தப் பெயர் இன்னும் குழந்தைசாமியை விடவில்லை. தன் வாய்க்கொழுப்புக்குத் தானே பயந்துகொண்டிருந்தான்.

சித்திரை வெயிலில் ஒரு நாள் இருபத்தாறா இருபத்தொன்பதா என்று புரியவில்லை. குத்துமதிப்பாக இருபத்தாறு என்று வைத்துக்கொண்டான். மடையைப் பார்த்துக்கொள்ளும் சவரியம்மாள், "தொறக்கட்டுமா தம்பி?" என்று கேட்டாள்.

"இன்னும் ரெண்டு நாள் கெடக்கட்டும்க்கா."

அந்தப் பாத்தி உப்பை வாங்க வந்த வியாபாரி ஒரு கல்லை நாக்கில் வைத்துவிட்டுத் துப்பினார். முதலாளி குவியலுக்குப் பக்கத்தில் எல்லோரையும் நிறுத்தி, யார் செய்த வேலை என்று சத்தம் போட்டார். அர்ச்சுனனுக்கு உண்மை தொண்டை வரைக்கும் வந்தது. வாயைத் திறந்தபோது வேறு என்னவோ வந்தது.

"நான் அன்னிக்கே தொறக்கச் சொன்னேங்க. சவரியக்காதான் காதுல வாங்கல."

சவரியம்மாள் அவனை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். முதலாளி அவளை மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. இருந்தாலும் மனசுக்கு ஒரு சாக்கு வேண்டுமே. குழாய் பழசு, கோடெல்லாம் அழிந்து போயிருக்கிறது, நான் என்ன செய்வேன் என்று சொல்லிக்கொண்டான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

பத்து நாள் கழித்து மரக்காணம் கடைத்தெருவுக்குப் போனான். மனசு திருந்தியெல்லாம் போகவில்லை. அடுத்த பாத்தியும் கசந்தால் பழி போட ஆள் கிடைக்காதே என்ற பயம்தான். கண்ணாடிக் கடைக்காரர் எழுத்துப் பார்க்க ஒரு பேப்பரை நீட்டினார்.

"அது வேணாங்க. இதுல தெரிஞ்சா போதும்" என்று துண்டில் சுற்றி வைத்திருந்த குழாயை எடுத்தான்.

முதல் கண்ணாடியில் கோடுகள் புகை மாதிரி இருந்தன. இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவதை மாட்டிக்கொண்டு குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான். ஒரு கோடுகூட அழிந்திருக்கவில்லை. இருபத்தாறு தனியாக, இருபத்தொன்பது தனியாக, நேற்று அச்சடித்தது போல நின்றன.

"தெரியுதா சார்?" என்றார் கடைக்காரர்.

"தெரியுதுங்க" என்றான். அவமானத்தில் காது மடல்கள் சுட்டன.

கண்ணாடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நேராகச் சவரியம்மாள் வீட்டுக்குப் போனான். அவள் வாசலில் சவுக்கு விறகைக் கட்டிக்கொண்டிருந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நின்றவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கண்ணாடி வாங்கிட்டியா தம்பி?"

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு எப்படிக்கா தெரியும்?"

"குவளைய அவ்ளோ தூரத்துல புடிச்சிக்கினு முழிச்சியே. ஒரு மாசமாவே தெரியும்."

"அப்ப முதலாளிகிட்ட ஏன்க்கா சொல்லல?"

"அத்தினி பேரு நின்னாங்க. கண்ணு தெரியலன்னு நான் சொன்னா உனக்கு அசிங்கமா இருக்காதா?" விறகுக் கட்டை முழங்காலால் அழுத்தி இறுக்கினாள். "நீயே சொல்லிடுவன்னு பாத்துக்கினு இருந்தேன்."

அர்ச்சுனனுக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது. போனை எடுத்தான். "இப்பவே முதலாளிகிட்ட சொல்லிடறேன்க்கா."

"போன்ல வேணாம். எங்க நின்னு அப்படிச் சொன்னியோ, அங்கயே வந்து சொல்லு. நானும் வர்றேன்."

மறுநாள் காலையில் கண்ணாடியை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு கிளம்பினான். டீக்கடையைத் தாண்டும்போது குழந்தைசாமி விடுவானா?

"வாய்யா நாலு கண்ணு!"

கடையே சிரித்தது. அர்ச்சுனன் தலையைக் குனிந்துகொண்டு நடந்தான். முதலாளியும் ஆட்களும் குவியலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்கள். கொஞ்சம் தள்ளி, கூடையோடு சவரியம்மாள் நின்றிருந்தாள். இந்தக் கண்ணாடியில் தூரத்து முகங்கள் எல்லாம் கலங்கலாகத்தான் தெரிந்தன. ஆனாலும் அவன் அதைக் கழற்றவில்லை.

"சவரியக்கா மேல தப்பே இல்லீங்க" என்றான். "மடையத் தொறக்க வேணாம்னு சொன்னது நான்தான். எனக்குக் கண்ணு தெரியல."