சுந்தரம்மாளின் பஃப் கை

சங்கரன்கோவிலில் கத்திரி வெயில் முடிந்ததை மற்றவர்கள் காற்றை வைத்துத் தெரிந்துகொள்வார்கள். எங்கள் வீட்டில் துணி காணாமல் போவதை வைத்துத் தெரிந்துகொள்ள வேண்டும். மே மாதம் கடைசி வாரம் வந்துவிட்டால் என் மாமியார் சுந்தரம்மாள் கையால் சுற்றுகிற தையல் மிஷினைத் துடைத்து எண்ணெய் விட்டு உட்கார்ந்துவிடுவார். அப்புறம் கொடியில் காய்கிற எதற்கும் உத்தரவாதம் கிடையாது.

மாமனார் சண்முகையாவுக்கு நெசவாளர் சொசைட்டியில் துணி மடிக்கிற வேலை. அவர் குளித்துவிட்டு வருவதற்குள் அவருடைய சாரம், அதாவது லுங்கி, யாரோ ஒரு பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் பையாகியிருக்கும்.

"ஏட்டி, இப்ப நான் எதைக் கட்டுதது?"

"அதான் துண்டு இருக்குல்லா. பள்ளிக்கூடம் திறக்கப் போவுது, பிள்ளையள் முக்கியமா நீங்க முக்கியமா?"

ரேடியோவுக்குக் காலர் வைத்த சட்டை. தண்ணீர்க் குடத்துக்குக் கொசுவம் வைத்த பாவாடை. கிழிந்த குடையைப் பிரித்து ஆட்டுக்கு ஒரு மழைக்கோட்டு. மழையையே வருடத்துக்கு நாலு நாள் பார்க்கிற ஊரில் அந்த ஆடு ஆனி முழுக்கக் கறுப்புக் கோட்டோடு வக்கீல் மாதிரி தெருவில் திரிந்தது. நான் சொல்வதில் ஒரு சொட்டு மிகை இல்லை.

இதெல்லாம் சில்லறை. அவருக்கு உயிர் பஃப் கை. கொழும்பில் இருந்த அவருடைய சித்தி 1940 வாக்கில் தன்னை எடுத்து அனுப்பிய படம் ஒன்று மிஷினுக்கு மேலே தொங்கும். தோளில் இரண்டு பூசணிக்காயைக் கட்டிவைத்ததுபோல் உப்பிய கை, கழுத்தைச் சுற்றி லேஸ், முதுகில் வரிசையாகப் பித்தான். எழுபத்தொன்பதாம் வருடத்தில், ஊர்ப் பெண்கள் எல்லாம் ரத்தம் ஓடாத அளவுக்குக் கையை ஒட்டத் தைத்துக்கொண்டு நடந்த காலத்தில், இவர் மட்டும் அந்தப் படத்தை விட்டு இறங்கவில்லை. தங்கச்சி பிள்ளைகளுக்குத் தைத்தார். அவர்கள் வாங்கிக்கொண்டு போய் மூட்டை கட்டிப் பரணில் போட்டார்கள். அவருக்குப் பெண் பிள்ளையும் இல்லை. அதனால் ஒரே மகன் பெத்துராஜுக்கு ஒரு பெண் வருவாள், அவள் முகூர்த்தத்தில் தன் பஃப் கையைப் போட்டுக்கொண்டு ஊர் பார்க்க உட்காருவாள் என்று பல வருடம் காத்திருந்தார்.

அந்தப் பாவப்பட்ட பெண் நான்தான். தங்கத்தாய். புளியங்குடி எலுமிச்சம்பழத் தரகர் மகள்.

கூறைப்புடவையும் அதற்கு ஜாக்கெட்டும் மாப்பிள்ளை வீட்டுப் பொறுப்பு. கல்யாணத்துக்கு முன்னால் பெண் உடம்பில் டேப் வைத்து அளக்கிறது மரியாதை இல்லை. ஆகவே பெண் வீட்டிலிருந்து ஒரு அளவு ஜாக்கெட் கொடுத்தனுப்ப வேண்டும். என் அம்மா ஆறுமுகத்தாய் பெட்டியைத் திறந்தாள். என் ஜாக்கெட் ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்தாள். கக்கத்தில் எல்லாம் கிழிசல், கிழிசலுக்கு மேல் ஒட்டு.

"இதையா சம்பந்தி வீட்டுக்கு அனுப்ப? என்ன நினைப்பாக நம்மளப் பத்தி?"

நேரே பக்கத்து வீட்டுக்குப் போனாள். ரசீதா அக்காவின் வீட்டுக்காரர் துபாயிலிருந்து அனுப்பிய வழுவழுத் துணியில் தைத்த புது ஜாக்கெட்டை இரவல் வாங்கி, மஞ்சள் பையில் மடித்து அனுப்பிவிட்டாள். ரசீதா அக்கா காற்றடித்தால் கொடியைப் பிடித்துக்கொள்கிற ஆள். நான் அப்படி இல்லை.

"எம்மா, அவ அளவு எனக்கு எப்படிச் சேரும்?"

"சும்மா கெட. பொண்ணு ஒல்லின்னு நினைச்சிட்டுப் போறாக. தையலைப் பிரிச்சு விட்டாச் சரியாப் போவும்."

வைகாசிக் கடைசியில் சங்கரன்கோவிலில் கல்யாணம். விடிந்ததும் மண்டபத்து அறையில் கூறைப்புடவைத் தட்டு வந்தது. மேலே அரக்குப் பட்டு ஜாக்கெட். இரண்டு பஃப் கையும் தட்டுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தன. சுந்தரம்மாளே கொண்டுவந்தார். ஒரு மாதம் தைத்தாராம். பின்னால் பாதி ஊர்ப் பெண்கள் நின்றார்கள், வாய்க்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டு.

நான் கையை நுழைத்தேன். நுழைந்தது. பித்தான் போடப் பார்த்தார்கள். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. ஓரத் தையலைப் பிரித்தார்கள். அப்போதும் இரண்டு விரல் போதவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்தேன். ஒருத்தி முதுகில் முழங்காலை வைத்து இழுத்தாள். அவ்வளவுதான், அறையே கொல்லென்று சிரித்துவிட்டது.

"ஆட்டுக்குத் தச்ச கைதானே? அளவு மாறிட்டு போல."

"யாத்தாடி, கைக்குக் குடுத்த துணியில பாதிய உடம்புக்குக் குடுத்திருக்கலாம்லா!"

சுந்தரம்மாள் முகம் செத்துப்போயிற்று. டேப்பை எடுத்து ஜாக்கெட்டை அளந்தார். மறுபடி அளந்தார். "நான் பாத்துப் பாத்துத்தானே வெட்டுனேன்... கண்ணு மங்கிட்டோ என்னமோ" என்றார். சொன்னது எங்களிடம் இல்லை, டேப்பிடம்.

அம்மாவாவது வாயை மூடியிருக்கலாம். "அதுக்கென்ன மைனி, வயசாச்சுன்னா அப்படித்தான். போட்டுட்டு வந்த ஜாக்கெட்டையே போட்டுக்கிடட்டும். யாரு பாக்கப் போறா" என்றாள்.

யாரா பார்க்கப் போகிறார்கள்? மண்டபமே பார்க்கும். சுந்தரம்மாள் தைத்ததை மருமகளே போடவில்லை என்று சாயந்திரத்துக்குள் குருவிகுளம் வரைக்கும் போய்விடும். அதற்குமேல் அந்த மனுஷி மிஷினைத் தொடுவாரா? அவர் ஜாக்கெட்டை மடிக்க ஆரம்பித்துவிட்டார். அம்மா என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். உருட்டினால் உருட்டட்டும்.

"அத்த, தப்பு உங்களது இல்ல. அளவுக்கு அனுப்புனது என் ஜாக்கெட்டே இல்ல. பக்கத்து வீட்டு ரசீதா அக்காது. எங்க வீட்டுல இருக்கது எல்லாம் ஒட்டுப் போட்டது. அதான் இரவல் வாங்கி அனுப்புனோம்."

சிரிப்பு பொசுக்கென்று நின்றது. அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். ஆறு மாதம் என்னோடு பேசவில்லை, அது தனிக் கதை.

சுந்தரம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "அப்ப எங்கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றார். உடனே வாசலைப் பார்த்துக் கத்தினார். "ஏங்க! மிஷினைத் தூக்கிட்டு வாங்க!"

சைக்கிள் கேரியரில் கயிறு போட்டுக் கட்டி மாமனார் மிஷினைக் கொண்டுவந்தார். முகூர்த்தத்துக்கு முக்கால் மணி நேரம். வேறு துணி கிடையாது. சுந்தரம்மாள் கத்திரியை எடுத்து, ஒரு நிமிஷம் சும்மா கையில் வைத்திருந்தார். பிறகு இரண்டு பஃப் கையையும் வெட்டினார். உப்பியிருந்த துணியைப் பிரித்து, பட்டியாக நறுக்கி, இரண்டு பக்கத்திலும் கொடுத்துத் தைத்தார், மிச்சத்தில் ஒட்டின கை வைத்தார். மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கைப்பிடியைச் சுற்றினார். வெளியே நாகஸ்வரம், உள்ளே மிஷின். "பொண்ணைக் கூட்டிட்டு வாங்கோ" என்று ஐயர் மூன்றாம் தடவை கத்தும்போது நான் மணவறைக்குப் போனேன். ஜாக்கெட் அளவாக, ஒட்டின கையோடு, எல்லாரும் போடுவதுபோல் இருந்தது.

பந்தியில் ஒரே பாராட்டு. "எந்தக் கடையில தச்சது? அந்தப் பக்கத்துப் பட்டி புது மாடலா?" ஆனி பிறப்பதற்குள் ஏழு பேர் பட்டுத்துணியோடு வாசலில் வந்து நின்றார்கள், பக்கத்தில் பட்டி வைக்க வேண்டுமாம். இத்தனை வருடமாகச் சிரித்த அதே ஆட்கள். சுந்தரம்மாள் ஒருவருக்கும் தைக்கவில்லை. கல்யாண ஆல்பம் வந்ததும் எல்லாரும் முண்டியடித்துப் பார்த்தோம். அவர் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, "இது நான் தச்சது இல்ல" என்று எழுந்து போய்விட்டார்.

அடுத்த வருடம் கத்திரி முடிந்தது. மாமனார் சாரம் கொடியிலேயே பத்திரமாகக் காய்ந்தது. மிஷின் மூடியே கிடந்தது. ரேடியோ அழுக்குச் சட்டையோடு பாடியது. மூன்று நாள் பார்த்தேன். நாலாவது நாள் ரத வீதிக் கடையில் இரண்டரை மீட்டர் பூப்போட்ட துணி வாங்கிவந்து மிஷின் மேல் வைத்தேன்.

"ஜாக்கெட்டுக்கு எதுக்குட்டி இம்புட்டுத் துணி?"

"பஃப் கைக்கு, அத்த."

"எல்லாரும் சிரிப்பாக."

"சிரிக்கட்டும்."

கஞ்சத்தனமே இல்லாமல் தைத்தார். கொழும்புச் சித்தி தோற்றுப்போனாள். கண்ணாடியில் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில் இல்லை. இருந்தாலும் போட்டுக்கொண்டு, அவரையும் கூட்டிக்கொண்டு, அம்மாவைப் பார்க்கப் புளியங்குடி பஸ் ஏறினேன். ஜன்னல் ஓரம் ஒருத்தி, நடுவில் நான், இந்தப் பக்கம் அவர். என் கை ஆளுக்கு ஒரு காதை மறைத்தது. கண்டக்டர் வந்தார், பார்த்தார், பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி, "யக்கா, அந்த ரெண்டு கைக்கும் தனியா டிக்கெட் போடணும் போலுக்கே!" என்றார். பஸ்ஸே சிரித்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

சுந்தரம்மாள் இடுப்பிலிருந்து சுருக்குப்பையை உருவினார்.

"போடு தம்பி. ரெண்டும் நான் தச்சது. புளியங்குடி வரைக்கும் உக்காந்தே வரட்டும்."