உங்கள் பெரியப்பா மேடையில் பாடிய காலம்

பெரியப்பா சத்தமாகப் பேசும்போதெல்லாம் நீங்கள் காதைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை அவர் டிவி பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாட்டுப் பார்த்ததற்கும் சிரித்தீர்கள். எனக்குக் கோபம் இல்லை. உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். எனக்கு வருகிற மாதிரி எழுதுகிறேன், எழுத்துக் கூட்டியாவது படித்துவிடுங்கள்.

எண்பதுகளில் அய்யா, அண்ணன், நான் மூன்று பேரும் பம்பாய் தாராவியில் ஒரு டின் பட்டறையில் வேலை பார்த்தோம். அய்யா உங்கள் தாத்தா, அண்ணன்தான் உங்கள் பெரியப்பா. பழைய எண்ணெய் டின்களைக் கழுவி, நசுங்கின இடத்தைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தி, மறுபடி கடைகளுக்கு அனுப்புகிற வேலை. தகரக் கூரைக்கு அடியில் எல்லோரும் சேர்ந்து தட்டினால் பக்கத்தில் இருப்பவன் கத்தினாலும் கேட்காது. அதனால் பட்டறையில் யாரும் வாயால் பேச மாட்டோம். கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்த்தால் டீ. மீசையை முறுக்கினால் முதலாளி வருகிறார். இரண்டு மணிக்கட்டையும் குறுக்கே வைத்தால் வேலையை நிறுத்து. மற்றதெல்லாம் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வோம்.

அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. சாப்பிடும்போதும் கையைக் காட்டித்தான் குழம்பு கேட்போம். அம்மா கரண்டியை ஓங்குவாள். "ஊமைக் கூட்டத்துக்கா நான் வாக்கப்பட்டு வந்தேன்? வாயத் தொறந்து கேட்டா முத்து கொட்டிப் போயிருமோ?"

அண்ணனுக்குச் சுத்தியல் பிடித்த கையிலேயே தாளம் இருந்தது. ஒரு கணபதி ஊர்வலத்தில் அவர் டிரம் அடித்துக்கொண்டே பாடியதைப் பார்த்துவிட்டு, மாட்டுங்காவிலிருந்து ஒரு பையன் வீடு தேடி வந்தான். கிட்டார் வாசிப்பவன், ஆபீஸ் குடும்பத்துப் பிள்ளை. செம்பூரில் ஒரு கார் ஷெட்டில் நண்பர்களோடு ராக் இசைக் குழு நடத்திக்கொண்டிருந்தான். டிரம்மும் அடித்து, பாட்டும் பாடுகிற ஆள் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

அண்ணன் இங்கிலீஷ் பாட்டுகளைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் பண்ணுவார். ஒருநாள் ஒரு பாட்டுக்கு அர்த்தம் கேட்டேன்.

"யாருக்குல தெரியும்? எவனோ அழுதாம்போல இருக்கு. நானும் அழுத மாதிரி பாடிருதேன்."

கல்லூரிகளில், கல்யாண வீடுகளில் வாசித்தார்கள். அண்ணனே தமிழில் ஒரு பாட்டுக் கட்டினார். மெதுவான பாட்டு. முதலில் கிட்டார் தனியாக வரும், அது நின்ற இடத்தில் அண்ணன் குரல் எடுப்பார், டிரம் அதற்கப்புறம்தான். சயானில் பெரிய அரங்கில் பல குழுக்கள் வாசிக்கிற நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டபோது அந்தப் பாட்டைத்தான் கடைசியாக வைத்தார்கள். கேசட் போடுகிற கம்பெனிக்காரர் ஒருவர் கேட்க வருகிறார் என்றார்கள்.

"இது மட்டும் அமைஞ்சுட்டுன்னா, டின்ன தட்டினது போதும்ல" என்றார் அண்ணன்.

அந்த மாதங்களில் அவர் முன்னைவிடச் சத்தமாகப் பாடினார். "ஏண்டா, நாங்க பக்கத்துலதானே இருக்கோம்? எதுக்கு இப்படிக் கத்தறே?" என்று கிட்டார் பையன் சிரிப்பான். அண்ணன் டிரம்மை நகர்த்தி அவன் விரல்களுக்கு நேராகப் போட்டுக்கொண்டார். அவ்வளவு சிநேகிதம் என்று நினைத்தோம். வீட்டிலும் பட்டறையிலும் கையால்தானே பேசுகிறோம், அவருக்குக் காது போய்க்கொண்டிருப்பது யாருக்குத் தெரியும்? அவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் டிரம்களைத் தூக்கிக் கொடுத்துவிட்டு நான் மேடை ஓரத்தில் நின்றேன். வேகமான பாட்டுகளுக்குக் கூட்டம் எழுந்து ஆடியது. அண்ணன் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது, முகம் அப்படிச் சிரித்தது. கடைசிப் பாட்டு வந்தது. மெதுவான பாட்டு என்பதால் லைட்காரர் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு அண்ணன் மேல் மட்டும் ஒரு நீல விளக்கை விட்டார். அழகாகத்தான் இருந்தது.

இருட்டில் கிட்டார் ஆரம்பித்தது. நின்றது. அண்ணன் பாடவில்லை.

கிட்டார் மறுபடி முதலிலிருந்து வந்தது. அண்ணன் கழுத்தை நீட்டி இருட்டுக்குள் தேடினார். யாரோ விசில் அடித்தார்கள். "பாடுடா! என்னடா பண்றே?" என்று கிட்டார் பையன் குரல் கேட்டது. திடீரென்று அண்ணன் பாடினார், கிட்டார் நடுவில், சம்பந்தமே இல்லாத சுருதியில், கண்ணை மூடிக்கொண்டு. கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது. அவர் நிறுத்தாமல் பாடிக்கொண்டே போனார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இத்தனை நாளும் அவர் கிட்டாரைக் கேட்டுப் பாடவில்லை, அந்த விரல்களைப் பார்த்துத்தான் பாடியிருக்கிறார். விளக்கைப் போடச் சொல்லி லைட்காரரிடம் ஓடினேன். "அரே பாய், லைட் சாலு கரோ! ஜல்தி!"

வெளிச்சம் வந்தது. குழுவில் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு தன்னையே பார்ப்பதை அண்ணன் கண்டார். பிறகு என்னைத் தேடினார். நான் இரண்டு மணிக்கட்டையும் குறுக்கே வைத்துக் காட்டினேன். அவர் டிரம் குச்சிகளை மெதுவாகக் கீழே வைத்தார்.

காது டாக்டர் நரம்பு போய்விட்டது என்றார். பட்டறைச் சத்தமும் டிரம் சத்தமும் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறது, இனித் திரும்பாது என்றார். அண்ணன் டாக்டர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்ததால் நான் எதையும் மறைத்துச் சொல்ல வழியில்லை. கிட்டார் பையன் சில நாள் வந்து கூப்பிட்டான். "சும்மா வந்து உக்காருடா. அது போறும்" என்றான். அண்ணன் போகவில்லை.

மறுபடி பட்டறைக்கே வந்தார். அங்கே அவருக்கு ஒரு குறையும் இல்லை. அவருக்குக் கேட்காதது அங்கே எங்களுக்கும் கேட்காது. பஞ்சை உருட்டி என் காதில் அவரே அடைத்துவிடுவார். தன் காதில் வைத்துக்கொள்ள மாட்டார்.

அந்த மழைக்காலத்தில் ஒருநாள் தட்டிக்கொண்டே நிமிர்ந்தேன். எதிரே அண்ணன் உதடு அசைந்தது. அந்தப் பாட்டு. ஒவ்வொரு வார்த்தையும் எனக்குத் தெரிந்தது. நான் என் சுத்தியலை மெதுவாக்கி அவருடைய பாட்டுக்குத் தட்டினேன். பக்கத்தில் இருந்தவர் பார்த்தார், அவரும் மாற்றினார். அவருக்கு அடுத்து அய்யா. அய்யா ஒருநாளும் அண்ணன் பாட்டைக் கேட்க வந்ததில்லை.

அண்ணன் கையிலிருந்த தகரத்தில் அந்த அதிர்வு வந்திருக்க வேண்டும். நிமிர்ந்து பார்த்தார். எல்லோரும் தன் வாயையே பார்ப்பதைக் கண்டதும் உதட்டை மூடிக்கொண்டார். சுத்தியலைக் கீழே வைத்தார். பிறகு கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்த்துக் காட்டிவிட்டு, டீ வாங்கி வர எழுந்து போனார்.