அளவு ரவிக்கையை நம்பாதே

ரவிக்கை தைக்கிறவளுக்கு எலி, கரையான், கரண்ட் கட் எல்லாம் சில்லறை எதிரிகள். பெரிய எதிரி, வாடிக்கைக்காரர்கள் பிளாஸ்டிக் பையில் சுருட்டிக்கொண்டு வரும் அளவு ரவிக்கைதான்.

பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு பூஜைச் சாமான் கடைக்கு மேலே, மாடியில் எனக்குத் தையல் கடை. மூன்று மெஷின், திரை போட்ட ஒரு மூலை, ஆளுயரக் கண்ணாடி, கொக்கி கட்டவும் வாயடிக்கவும் சித்ரா. கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு காலம் தள்ளுகிறவர்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லிவிடப் போவதில்லை. திரைக்குப் பின்னால் போய்க் கையைத் தூக்கிக்கொண்டு நின்றவர்களுக்கும் இது தெரிந்த கதைதான். நாம் எல்லாரும் பட்ட பாடு ஒன்றுதானே!

புதுசு மாதிரி இருக்கு

சுங்கை பாக்காப்பிலிருந்து ஒரு பெண்மணி வந்தார். மூன்று பிள்ளை பெற்றவர். கையில் ஒரு ரோஜா நிற ரவிக்கை. "இது என் நிச்சயதார்த்தத்துக்குத் தைச்சது. இதே அளவு, நூல் பிசகாம தைச்சுக் கொடுங்க" என்றார். நான் ரவிக்கையைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன், மறுபடியும் ரவிக்கையைப் பார்த்தேன். "இதைக் கடைசியா எப்பம்மா போட்டீங்க?" என்று கேட்டேன். "அன்னைக்கு அப்புறம் போடவே இல்லையே, அதான் புதுசு மாதிரி இருக்கு" என்றார் பெருமையாக.

கையைத் தூக்கச் சொன்னால், கட்டிக்கொண்டார். டேப்பைக் கண்டால் ஊசி போட வந்த நர்ஸைக் கண்ட மாதிரி பின்னால் போகிறவர்கள் இவர் ஒருத்தர் மட்டுமில்லை. உடம்பு என்ன, கல்யாண ஆல்பமா, ஒட்டிய இடத்திலேயே இருக்க? பிள்ளை வயிற்றில் இருக்கும்போது ஓர் அளவு. பால் கொடுக்கும்போது காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. பால் நின்றதும் வேறு. ஐம்பதைத் தாண்டினால் அளவு மட்டுமா, இடமும் மாறும். அதனால்தான் நான் எந்த ரவிக்கை தைத்தாலும் பக்கத் தையலுக்கு உள்ளே தாராளமாகத் துணி விட்டுத் தைப்பேன். பிற்பாடு பிரித்து விட்டுக்கொள்ளலாம்.

சித்ரா ஒரு மைலோ கலக்கிக் கொடுத்துப் பேச்சுக் கொடுத்ததும்தான் கை மேலே போனது. அளந்து முடித்தேன். டேப்பில் வந்த எண்ணை எட்டிப் பார்த்தார். பிறகு அந்த ரோஜா ரவிக்கையைப் பத்திரமாக மடித்துப் பைக்குள் வைத்தார்.

"ரவிக்கை அப்படியேதான்க்கா இருக்கு, நான்தான் அதுல இருந்து வெளியே வந்துட்டேன்."

மூன்று வாரத்தில் சுருங்கிய ரவிக்கை

சிவகாமி பாலத்துக்கு அந்தப் பக்கம், பிறையில் இருக்கிற பெண். பக்கத்து ஊரான பத்து காவானில் ஒரு ஃபேக்டரியில் வேலை. கல்யாண ரவிக்கையிலிருந்து எல்லாம் என்னிடம்தான். சில வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் வந்து, "மார்புல இறுக்குதுக்கா, பிரிச்சு விடுங்க" என்றாள். பிரித்து விட்டேன். அடுத்த மாசமே அதே ரவிக்கையைக் கொண்டுவந்து, "பழையபடி பிடிச்சிடுங்கக்கா" என்றாள். நான் ஏன் என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. குழந்தை தங்கவில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். அன்றைக்கு அந்தத் தையலைப் பிடிக்கிறபோது எனக்கு மெஷின் மிதிக்கவே மனசு வரவில்லை.

அதற்கு அடுத்த வருஷம் ஒரு சனிக்கிழமை, மாமியார் தனலெட்சுமி அக்காவோடு வந்து நின்றாள். மூன்று வாரத்துக்கு முன்னால் நான் தைத்துக் கொடுத்த பச்சை ரவிக்கை இறுக்குகிறதாம். கடையில் நல்ல கூட்டம். அவர்கள் தாமானிலேயே, அதே குடியிருப்பு வரிசையிலேயே இருக்கும் இரண்டு பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்து ரவிக்கைக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். டேப்பைச் சுற்றினேன். மார்பில் லேசாகப் பட்டதுமே சிவகாமி "ஸ்ஸ்" என்று மூச்சை இழுத்தாள். இடுப்பு அதே அளவு, மார்பு மட்டும் கூடியிருக்கிறது, தொட்டால் வலிக்கிறது. வயிறு தெரிய மாசக்கணக்கில் ஆகும். மார்பு அதற்கு முன்னாலேயே சொல்லிவிடும். சிவகாமி என்னையே பார்த்தாள். சொல்லிவிடாதீங்க என்று அந்தக் கண் கெஞ்சியது. மூன்று மாசம் முடியாமல் வெளியே சொல்லக்கூடாது என்பது நம் வழக்கம். அதுவும் ஒரு தடவை சூடு பட்டவள்.

"என் தப்புதான்க்கா, அளவை இறுக்கி எடுத்துட்டேன் போல" என்று பழியை என் தலையில் போட்டுக்கொண்டேன். அவ்வளவுதான், தனலெட்சுமி அக்கா பிடித்துக்கொண்டார். கீழே பூஜைக் கடையில் ஓடின பாட்டையும் மீறி அப்படி ஒரு கத்தல்! எனக்கு முகமெல்லாம் எரிந்தது. பெஞ்சில் இருந்த இரண்டு பேரும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவர்கள் என் படியே ஏறவில்லை. தனலெட்சுமி அக்கா படியிறங்கும்போது திரும்பி நின்று ஒரு தடவை சொன்னதுதான் எனக்குப் பல நாள் நெஞ்சில் குத்தியது.

"இனிமேலாவது டேப்பை ஒழுங்கா பிடி புஷ்பா, என் மருமக உடம்பு அப்படியேதான் இருக்கு, ஒரு மாத்தமும் இல்ல!"

நீங்க எந்தக் கட்சி

ஒரு பேங்க் அதிகாரி. நகரத்தார் வீட்டுப் பெண். நல்ல இங்கிலீஷ், நல்ல பட்டு. திரைக்குப் பின்னால் வந்ததும் குரல் பாதியாகிவிட்டது. "பிள்ளைக்குப் பால் கொடுத்ததில இருந்து ஒரு பக்கம் பெருசா இருக்கு. அவன் இடது பக்கம்தான் குடிப்பான், வலது பக்கம் வாயே வைக்க மாட்டான். இது எனக்கு மட்டும்தானா?" என்று கேட்டார். பாவம், எத்தனை நாளாக அதை மனசில் வைத்துக்கொண்டு சுற்றினாரோ.

"அலாமா! இரண்டு பக்கமும் ஒரே அளவா இருக்கிற பெண்ணை நான் இனிமேதான் பார்க்கணும்" என்றேன். புதிதாகக் கட்டி கிட்டி தென்பட்டால் டாக்டரிடம் காட்டுங்கள் என்பது எல்லாருக்கும் நான் சொல்வது, அவருக்கும் சொன்னேன். காட்டியாகிவிட்டது, ஒன்றும் இல்லையாம். அப்புறம் என்ன? வலது பக்கம் மட்டும் உள்ளே மெல்லிசாக ஒரு பஞ்சு வைத்துத் தைத்தால் யாருக்குத் தெரியும்! அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. வெளியே கொக்கி கட்டிக்கொண்டிருந்த சித்ராவுக்கு வாய் சும்மா இருக்குமா?

"எனக்கு வலது, புஷ்பா அக்காவுக்கு இடது, வாங்க வாங்க, உங்களால இடது கட்சிக்கு மெஜாரிட்டி வந்துருச்சு லா!"

முதுகில் கொக்கி

சிவகாமிக்குக் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. பெண் பிள்ளை. செய்தி கேட்ட அன்று சித்ராவும் நானும் கீழே போய்ச் சுடச்சுட ஜிலேபி வாங்கிச் சாப்பிட்டோம். கைக்குழந்தை இருக்கும்போதே அவள் கொழுந்தன் கல்யாணம் வந்தது. ரவிக்கை தைக்க வந்தவள் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். முதுகில் கொக்கி, அதற்கு மேலே குஞ்சம் வைத்த கயிறு. "பாப்பாவுக்குப் பசிச்சா என்ன பண்ணுவே? அவிழ்க்க நாலு பேரைக் கூப்பிடுவியா?" என்று கேட்டேன். பொலபொலவென்று கண்ணில் தண்ணீர் விட்டுவிட்டாள். "எத்தனை மாசமா இந்தத் தொளதொள அங்கி, பாஜூ கெலாவார்லயே கிடக்கிறேன்க்கா. ஒரு நாள், ஒரே ஒரு நாள் அழகா இருக்கக்கூடாதா?"

அவள் கேட்டதும் நியாயம்தானே! பிள்ளை பெற்றவளுக்கு ஆசை இருக்கக்கூடாதா? சரி, பார்க்கலாம் என்றேன். பால் கொடுக்கிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "கொடுத்துட்டு வந்தியா, கொடுக்காம வந்தியா?" பால் கட்டியிருக்கும்போது அளந்தால்தான் ரவிக்கை பிழைக்கும். அன்று பினாங்குப் பாலத்தில் வண்டி ஜேம், வந்து சேர்வதற்குள் கல்லாகக் கட்டியிருந்தது, அளவுக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. முதுகில் கொக்கியும் கயிறும் வைத்தேன், எல்லாம் வெறும் அலங்காரம். நிஜக் கொக்கி முன்னால், முந்தானைக்கு அடியில். பால் கசிந்து பட்டில் வட்டம் விழாமல் இருக்க உள்ளே இரண்டு மடிப்புப் பருத்தித் துணி. கல்யாணம் முடிந்த மறுநாளே போன் வந்தது.

"மேளம் கொட்டுற நேரத்துல சரியா அழுதா பாருங்க, நான் மேடைக்குப் பின்னால போய் கொடுத்துக்கிட்டு இருந்தேன்க்கா, வீடியோவுல என் முதுகு மட்டும்தான் வருது, ஆனா முதுகு சூப்பரா இருக்கு!"

காத்து இறங்கிப்போச்சு

பிள்ளை பால் மறந்ததும் சிவகாமி அதே பட்டு ரவிக்கையைக் கொண்டுவந்தாள். போட்டுப் பார்த்தால் முன்பக்கம் தொளதொளவென்று மடிந்து நின்றது. கண்ணாடியைப் பார்த்தவள் முகம் வாடிவிட்டது. "முந்தியும் இல்ல, நடுவிலயும் இல்ல, இது என்னக்கா மூணாவது?" என்றாள். பழைய அளவுக்கே திரும்பிவிடும் என்று நினைத்திருக்கிறாள். திரும்பாது, வேறொன்றாகத்தான் வந்து நிற்கும். கொஞ்சம் தளரும், கொஞ்சம் இறங்கும். இதில் அழ என்ன இருக்கிறது? நான் பக்கத்தைப் பிடித்து, முன்னால் டாட்டை, அதாவது மார்புக்கு நேரே கூராகப் பிடிக்கும் மடிப்பை, கொஞ்சம் கீழே இறக்கினேன். மறுபடியும் போட்டுப் பார்த்தாள், பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள். தரையில் உட்கார்ந்து என் சாக்கட்டியை வாயில் வைக்கப் போன மகளிடம் அதைப் பிடுங்கிக்கொண்டே சிரித்தாள்.

"எல்லாத்தையும் குடிச்சிட்டு, இப்ப சாக்கட்டி கேட்குதா உனக்கு, கொழுப்பு!"

இடம் மாறிப்போச்சு

பேத்திக்கு முடி எடுத்துக் காது குத்த நாள் குறித்தார்கள். தனலெட்சுமி அக்கா தனியாக வந்தார். கையில் என்ன? அளவு ரவிக்கை! எந்தக் காலத்துச் சமாச்சாரமோ, அக்குளில் சாயம் போய்விட்டது. "இதே மாதிரி" என்றார். அந்தக் கத்தலை நான் மறந்திருப்பேனா? வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு, "கையைத் தூக்குங்கக்கா" என்றேன். எதிர்பார்க்கவே இல்லை, சட்டென்று தூக்கிவிட்டார்.

பழைய ரவிக்கையில் டாட் ஓரிடத்தில் இருந்தது, அக்கா வேறிடத்தில் இருந்தார். தயங்கித் தயங்கி, "கொஞ்சம் இறக்கித் தைக்கட்டுமா?" என்று கேட்டேன். "இறக்கு, இறக்கு. நாலு பிள்ளை குடிச்சது, இன்னும் நிமிர்ந்து நில்லுன்னா அது கேட்குமா?" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். அந்த மனுஷியா அன்று அப்படிக் கத்தியது! ஒரே மூச்சில் கத்தரித்து, அன்றே ஓட்டித் தைத்துப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். முன்பக்கம் ஒரு சுருக்கம் இல்லை, தோளில் இழுப்பு இல்லை. அக்கா கண்ணாடிக்கு முன்னால் கையை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார். "இத்தனை வருஷமா மூச்சு முட்டிக்கிட்டே கோயிலுக்குப் போயிருக்கேன் பாரு" என்றார்.

அந்தச் சந்தோஷத்தைப் பார்த்ததும் எனக்கு வாய் நிற்கவில்லை. "நல்லா இருக்குல்ல? அன்னைக்கு டேப் பிடிக்கத் தெரியலைன்னு கத்தினீங்களே. அந்த ரெண்டு வாடிக்கையும் போச்சு எனக்கு" என்றேன், சிரித்துக்கொண்டுதான், ஆனால் கொஞ்சம் காரமாகவே. அக்கா கண்ணாடியிலிருந்து திரும்பினார். திரையை இழுத்து நன்றாக மூடினார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் அதைக் கேட்டபோது எனக்குக் கையில் இருந்த டேப் நழுவிவிட்டது.

"அவ 'ஸ்ஸ்'னு இழுத்தப்பவே எனக்குத் தெரியும் புஷ்பா, அந்தத் தாமான்காரிங்க ரெண்டு பேரும் அவளையே பார்த்துக்கிட்டு இருந்தாளுங்க, அதான் கத்தினேன், உடனே உன்னைப் பார்த்தாளுங்க, நானும் என் காலத்துல பிரிச்ச ரவிக்கையைப் பழையபடி பிடிச்சவதானே?"

அன்றிலிருந்து நான் யாருக்குத் தைத்தாலும் உள்ளே இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே துணி விடுகிறேன், கேட்டால் மட்டும் "டேப் பிடிக்கத் தெரியாதவள் இல்லையா" என்று சொல்லிக்கொள்கிறேன்.