நைலோன் சுருளும் பங்குக் கிணறும்

சண்டையால் கரண்ட் போனபிறகுதான் எனக்குக் கடைசல் லேத் வைக்க இடம் கிடைத்தது. சுன்னாகத்துக்குக் கிட்ட எங்கள் தோட்டத்தில், கிணற்றோடு ஒட்டினாற்போல் ஒரு மோட்டர்க் கொட்டில் இருந்தது. மின்சாரம் நின்றதும் மோட்டரைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டு, இறைப்புக்கு எல்லோரும் மண்ணெண்ணெய் மெசினுக்கு மாறிவிட்டோம். கொட்டில் வெறுமையாகக் கிடந்தது. ஆனால் அந்தக் கிணறும் கொட்டிலும் எனக்கு மட்டும் உரியவை அல்ல. என் மனைவிக்கும் அவளுடைய அக்காவுக்கும் சரிபாதியாகச் சீதனத்தில் எழுதப்பட்டவை. ஒருநாள் இறைப்பு எங்களுக்கு, மறுநாள் அக்கா வீட்டுக்கு. அக்காவின் கணவர் என்னைவிட நன்றாக மூத்தவர். நான் அவரை அண்ணை என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். கொட்டிலுக்குள் லேத்தை வைக்கட்டுமா என்று கேட்டதற்கு, "வையுங்கோ தம்பி, சும்மாதானே கிடக்குது" என்றார்.

நான் கந்தோரில் கணக்கு எழுதுகிற லிகிதர் வேலை பார்த்தவன். லேத் என்னுடைய பைத்தியம். மூடிப்போன ஒரு பட்டறையிலிருந்து, மேசையில் வைக்கக்கூடிய சின்ன லேத் ஒன்றை வாங்கி வந்திருந்தேன். அதைச் சுழற்ற ஒரு பழைய சைக்கிளை நிலத்தில் இறுக்கிப் பின்சில்லிலிருந்து பெல்ட் போட்டேன். மிதிப்பது என் மனைவி. சமையல் முடிந்து வந்து மிதிப்பாள். "உங்களைக் கட்டின பாவத்துக்குக் கதிர்காமத்துக்கு நடந்திருக்கலாம், இந்த மிதிக்கு எப்பவோ போய்ச் சேர்ந்திருப்பன்" என்று சொல்லிச் சொல்லி மிதிப்பாள்.

உதிரிப்பாகம் ஒன்றும் வராத காலம் அது. ஒரு பெயரிங் தேய்ந்தால் சைக்கிளும் மூலைக்குப் போய்விடும், இறைப்பு மெசினும் மூலைக்குப் போய்விடும். கடலுக்குப் போக முடியாமல் இருந்த வடகரை ஆட்களிடம் வள்ளங்களில் பூட்டியிருந்த நைலோன் உருளைகள் கிடந்தன. அவற்றை வாங்கி வெட்டி, பெயரிங்குக்குப் பதிலாக அச்சில் மாட்டுகிற வளையமான புஷ் கடைந்தேன். இரும்புக்குப் பதில் நைலோன். சத்தமில்லாமல் ஓடும், எண்ணெயும் கேட்காது. ஊரில் என் பெயர் அடிபடத் தொடங்கியது. எனக்குத் தலை கால் புரியவில்லை.

ஆனால் நைலோனின் குணம் ஒன்றை யாரும் எனக்குச் சொல்லவில்லை. இரும்பைக் கடைந்தால் சிராய் கீழே விழும், கூட்டி அள்ளலாம். நைலோன் அறுந்து விழாது. வெள்ளை வெளேரென்று நீளச் சுருளாக வந்துகொண்டே இருக்கும். சுழல்கிற உருளையிலேயே போய்ச் சுற்றிக்கொள்ளும். நிறுத்திக் கத்தியால் அறுத்து எடுக்க வேண்டும். எடுத்ததை எங்கே எறிந்தாலும் அங்கே நிற்காது. வியர்த்த உடம்பில் ஒட்டும். இடுப்பில் கட்டிய சாரத்தில் ஒட்டும். மனைவியின் தலைமயிரில் போய்ச் செருகிக்கொள்ளும். சோளகக் காற்று எழும்பினால் கேட்க வேண்டாம், கொடியில் காய்கிற சீலையெல்லாம் சுருள்தான்.

ஒருநாள் மத்தியானம் சோற்றுக்கு முன் இருந்தபோது மனைவி சொதிக்குள்ளிருந்து ஒன்றை விரலால் தூக்கிக் காட்டினாள்.

"உதென்னப்பா உது?"

"தேங்காய்ப்பூவா இருக்கும்."

"தேங்காய்ப்பூ இழுக்க இழுக்க நீளுமே?"

அவள் சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது. எனக்கு மூக்கு நுனியில் கோபம், அது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். சொதியை அப்படியே தள்ளிவிட்டு எழும்பிப் போனேன். பிழை என்னுடையதாக இருக்கும்போதுதான் எனக்குக் கோபம் கூடுதலாக வரும்.

எரித்துப் பார்த்தேன். எரியாது, உருகும். உருகிக் கறுத்துச் சொட்டும், நாற்றம் நாலு வளவுக்குப் போகும். கிடங்கு வெட்டிப் புதைத்தேன். கோழி கிளறி வெளியே இழுத்துவிட்டது. கடைசியில் வேலி ஓரத்தில் குவித்து மேலே பனையோலை போட்டு மூடுவது என்று முடிவு செய்தேன். அங்கே கொண்டுபோக ஏதாவது வேண்டுமே. கொட்டில் வாசலில் கிணற்று வாளி தொங்கியது. கயிற்றைக் கழற்றி, அந்த வாளிக்குள் சுருளை அமத்தி நிரப்பிக்கொண்டு போய்க் கொட்டுவேன். பிறகு வாளியைக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டிக் கயிற்றில் மாட்டிவிடுவேன். முழுவதும் விழுந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன். வாளியின் விளிம்பிலும் கைபிடி மூலையிலும் அடியிலும் ஒட்டிக்கொண்டிருந்தது கிணற்றுக்குள் போனது. பிளாஸ்ரிக் என்றால் மிதக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நைலோன் மிதக்காது. மெல்ல மெல்லத் தாழ்ந்து அடியில் போய்க் கிடக்கும்.

"இஞ்சாருங்கோ, குப்பை அள்ளுறதுக்குக் கிணத்து வாளியை எடுக்காதையுங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான்? அக்கா கண்டால் என்ன நினைப்பா?" என்று மனைவி கேட்டிருந்தாள்.

"உது குப்பையில்லை. ஊத்தையும் இல்லை. சுத்தமான நைலோன்" என்றேன். அந்த மறுமொழியை இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அந்த முறை அண்ணை தன் பங்கு முழுவதும் வெங்காயம் வைத்திருந்தார். அந்தக் குடும்பத்தின் வருடம் முழுவதும் அந்த வெங்காயத்தில்தான் இருந்தது. வெங்காயம் மண்ணுக்குள் பூடாகத் திரண்டு முட்டி வருகிற நேரம், இறைப்புத் தவறினால் சுருங்கிவிடும். மண்ணெண்ணெய் கிடைப்பதோ போத்தல் கணக்கில். பொழுதுபட விளக்குக்கூட ஏற்றாமல் சேர்த்து, ஒரு இறைப்புக்குக் காணுமளவு வைத்திருந்தார். அவருடைய மெசினின் பம்பு தேய்ந்திருந்ததால் அதற்கும் நான்தான் நைலோன் புஷ் கடைந்து போட்டுக் கொடுத்திருந்தேன்.

காலையில் சில துளி பெற்றோல் விட்டு மெசினை உயிராக்கினார். தண்ணீர் வாய்க்காலில் ஓடியது. அக்கா மண்வெட்டியோடு நின்று பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தா. புல்லுப் பிடுங்க வந்த பெண்கள் அடுத்த பாத்திகளில் குந்தியிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் மெலிந்தது, பிறகு நின்றது. மெசின் மட்டும் ஓடியது.

அண்ணை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். "தம்பி, ஒருக்கா வந்து பாருங்கோ. புஷ்சுக்காலை காத்து இழுக்குதோ தெரியேல்லை."

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. என் புஷ்சிலா குறை? ஊரே என் புஷ்சில் ஓடுகிறது.

"புஷ்சிலை ஒரு பிழையும் இல்லை. உமக்கு மெசின் ஓட்டத் தெரியாட்டில் அதுக்கு நான் என்ன செய்யிறது?"

உமக்கு என்றேன். என்னை ஒருநாளும் நீங்கள் என்பதற்குக் குறைத்துக் கூப்பிடாத மனிதரை, அவருடைய மனைவிக்கும் கூலிக்கு வந்தவர்களுக்கும் முன்னால் அப்படிக் கேட்டேன். புல்லுப் பிடுங்கிய கைகள் நின்றன. அக்கா என்னைப் பார்த்துவிட்டு மண்வெட்டியைப் பார்த்தா.

அத்தோடு விட்டேனா? இல்லை. என் புஷ் நல்லது என்று நிரூபிக்க வேண்டுமே. பம்பைக் கழற்றிக் காட்டினேன். திரும்பப் பூட்டி ஓட்டச் சொன்னேன். தண்ணீர் வரவில்லை. பெல்ட் இளகல் என்றேன். அதை இறுக்கி ஓட்டச் சொன்னேன். பைப் மூட்டில் களிமண் பூசச் சொன்னேன், திரும்பவும் ஓட்டச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் நான் சொன்னபடியே அவர் ஓட்டினார். அந்த மனிதர் விளக்கில்லாமல் இருந்து சேர்த்த எண்ணெயை நான் வாய் கிழியக் கத்திக்கொண்டு எரித்தேன்.

மனைவி வந்து என் பக்கத்தில் நின்றாள். குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "அடிப்பைப்பைத் தூக்கிப் பாருங்கோ."

அவளுக்கு விளங்கிவிட்டது. எனக்கும் அந்தக் கணத்தில் விளங்கிவிட்டது. ஆனால் இனி நிறுத்த முடியாது. அண்ணையும் நானுமாகப் பைப்பை இழுத்து மேலே எடுத்தோம். தண்ணீர் உறிஞ்சுகிற நுனியில், குப்பை உள்ளே போகாமல் மறிக்கிற வலைக்கூடு ஒன்று உண்டு. அது தெரியவே இல்லை. அதைச் சுற்றி வெள்ளையாக, இறுகி, இடியப்பம் போல அப்பியிருந்தது.

ஊரில் அந்த வெள்ளைச் சுருள் வேறு யாருடைய வளவில் இருக்கிறது? அண்ணை குந்தியிருந்து விரலால் சுரண்டிச் சுரண்டி இழுத்தார். கை நிறைய வந்ததை என்னுடைய கையில் வைத்தார்.

"இந்தாங்கோ தம்பி, உங்கடை சாமான்."

ஏசியிருந்தால் நானும் ஏதாவது ஏசியிருப்பேன். அதற்குக்கூட அவர் இடம் தரவில்லை. ஈரச் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு, கீழே போடவும் முடியாமல், கொண்டுபோகவும் முடியாமல் நின்றேன். என் மானம் கப்பலேறியதை அவ்வளவு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் கிடந்த ஒன்றரைப் போத்தல் மண்ணெண்ணெயைக் கொண்டுவந்து கொடுத்தேன். அது சில பாத்திகளுக்குத்தான் போதுமாக இருந்தது. மிச்சத்துக்கு மனைவியும் நானும் வாளியால் அள்ளி ஊற்றினோம். அவ்வளவு நிலத்துக்கு வாளித் தண்ணீர் எந்த மூலைக்கு? பொழுதுபடுமுன் கையெல்லாம் கொப்புளம். தோட்டத்தில் பாதி காய்ந்தபடி கிடந்தது. பிறகு எண்ணெய் கிடைக்கும்வரை அந்தப் பாதியின் தாள்கள் நுனியிலிருந்து மஞ்சளாகி வந்ததை நான் தினமும் பார்த்தேன். வெங்காயம் கிண்டி எடுத்தபோது அதில் சுண்டுவிரல் நுனியளவு பூடுதான் இருந்தது.

இறைப்புத் தவறிய நாளுக்கு மறுநாள் காலையில் அக்கா ஒரு புது வாளியும் கயிறுமாகக் கிணற்றடிக்கு வந்தா. விளிம்பில் இன்னும் வெள்ளைச் சுருள் ஒட்டியிருந்த எங்கள் வாளியைத் தொடாமல், கிணற்றுக் கட்டின் மற்றப் பக்கத்தில் அதைக் கொளுவினா.

"இது எங்கடை. நீங்கள் இதிலை அள்ள வேண்டாம்" என்று என் மனைவியிடம் சொன்னா. என்னைப் பார்க்கவில்லை.

ஒரு கிணற்றுக்கு இரண்டு வாளி என்றால் எங்கள் ஊரில் என்ன பொருள் என்று யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. எங்கள் தோட்டத்துக்குக் கூலிக்கு வருகிறவர்கள் வாளியைத் தொடுவதில்லை. கையைக் குவித்துக்கொண்டு தள்ளி நிற்பார்கள், நாங்கள் ஊற்றுவோம். என் மாமனார் காலத்திலும் அப்படி, என் காலத்திலும் அப்படி. அதை நான் ஒருநாளும் யோசித்தது கிடையாது. இப்போது என் மனைவியின் கூடப்பிறந்தவள் வீட்டிலிருந்தே எனக்கு ஒரு வாளியை விலக்கி வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் என் கை தானாகவே பின்னுக்குப் போனது.

வெங்காயம் கிண்டத் தொடங்க முன், ஒரு மத்தியானம் கொட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தேன். புல்லுப் பிடுங்கிய பெண்களில் மூத்தவள் தண்ணீருக்கு வந்து வழக்கம்போலத் தள்ளி நின்றாள். அன்று பாத்தியில் குந்தியிருந்து எல்லாம் கேட்டவள். நான் எங்கள் வாளியைக் கையில் எடுத்தேன். அவள் கையைக் குவிக்கவில்லை. வாளியைப் பார்த்தாள், மற்றப் பக்கத்தில் தொங்கிய புது வாளியைப் பார்த்தாள்.

"குறை நினையாதையுங்கோ ஐயா. அந்த வாளியிலை அள்ளித் தாங்கோவன்."

அந்த வாளியை நான் தொடக்கூடாது என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? வெயிலில் நின்று வந்தவள், உதடு காய்ந்திருந்தது. எங்கள் வாளியைக் கீழே வைத்தேன்.

"கொஞ்சம் நில்லு, அக்காவைக் கூட்டிக்கொண்டு வாறன்" என்றுவிட்டு, அவர்கள் வீட்டுப் படலையை நோக்கி நடந்தேன்.