போட் நம்பர் இல்லாத வேலைகள்

என் கையால் செய்தவற்றிலேயே மிக அழகானது ஓர் எக்செல் அட்டவணை. அவ்வளவு தப்பான இன்னொன்றையும் நான் செய்ததில்லை.

புள்ளியியலில் பி.எஸ்ஸி. முடித்த வருஷம் அது. கல்லூரிக்கு வந்துபோன கம்பெனிகள் என்னையும் எடுக்கவில்லை, என் தோழியையும் எடுக்கவில்லை. நான் மயிலாப்பூர்க் குளத்துக்குப் பின்தெரு. அவள் பட்டினப்பாக்கத்தில் கடலோரக் குடியிருப்பு. வீட்டுக்கு வீடு நடந்தால் இருபது நிமிஷம்தான். மூன்று வருஷமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே டிபன் பாக்ஸில் கைவைத்தவர்கள். எங்கள் வீட்டில் மீன் வாசனை ஆகாது என்பதால் அவள் டப்பாவை நான் கல்லூரியில் வைத்தே காலி செய்துவிடுவேன்.

அவளுடைய அம்மா மீன் விற்பவர். விடிவதற்குள் ஷேர் ஆட்டோ பிடித்துக் காசிமேடு போய் ஏலத்தில் எடுத்து வந்து, தெருமுனையில் கடை போடுவார். கடையில் மீன் வெட்டிக் கொடுக்க ஓர் ஆள் எப்போதும் தேவைப்பட்டது. "தீவாளி வரைக்கும் தேடு. கெடைக்கலேன்னா கடைக்கு வந்துடு" என்று அம்மா சொல்லியிருந்தார். மீன் வெட்டுவதைக் கேவலம் என்று என் தோழி ஒருநாளும் சொன்னதில்லை. படிக்கும் காலத்திலும் ஞாயிற்றுக்கிழமைகளில் வெட்டியவள்தான். ஆனால் அந்தக் குடும்பத்தில் முதல் பட்டம் அவளுடையது. அது அவள் அலமாரியில் தூங்குவதை நினைத்தாலே எனக்குப் பொறுக்காது. அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று கேட்க வேண்டியதில்லை.

'சென்னையில் வேலைக்கா பஞ்சம்' என்று எல்லாரும் சொல்வார்கள். எந்தப் பகுதியில், எந்த வேலைக்கு என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள். நான் அந்தக் கேள்விக்கே பதில் கண்டுபிடித்துவிடுவது என்று இறங்கினேன். இரண்டு மாதம், வேலை விளம்பரம் வரும் இணையதளங்கள், அரசு நடத்தும் வேலைவாய்ப்பு முகாம்களின் பட்டியல்கள், செய்தித்தாளின் ஞாயிறு இணைப்பு, எதையும் விடவில்லை. நெடுக்கே அடையாறு, கிண்டி, ஈக்காட்டுத்தாங்கல், வேளச்சேரி, பெருங்குடி என்று இடங்கள். குறுக்கே வேலை வகைகள். காலியிடம் கூடக் கூடக் கட்டத்தின் பச்சை அடர்த்தியாகும்படி செய்திருந்தேன். பெருங்குடி வரிசையில் டேட்டா அனலிஸ்ட் கட்டம் கரும்பச்சையாக நின்றது. ஈக்காட்டுத்தாங்கல் வரிசை முழுக்க வெள்ளை. பார்த்துப் பார்த்துப் பூரித்துப் போனேன்.

அந்தச் சமயத்தில்தான் அவளுக்கு ஒரு வேலை வந்தது. அவள் அம்மாவிடம் ரொம்ப நாளாக மீன் வாங்கிக்கொண்டிருந்து, பிறகு ஆதம்பாக்கத்துக்குக் குடிபோன ஓர் அக்கா, வெள்ளிக்கிழமைதோறும் பழக்கத்தை விடாமல் வண்டியில் வந்து வாங்கிப் போவார். அவருடைய வீட்டுக்காரர் ஈக்காட்டுத்தாங்கலில் வண்டி உதிரிபாகம் செய்யும் பட்டறையில் சூப்பர்வைசர். செய்து முடித்த பாகங்களின் அளவைத் தினமும் குறித்து, அதை வரைபடமாகப் போட்டு, எங்கே பிசகுகிறது என்று சொல்ல ஒரு பட்டதாரி வேண்டுமாம். நாங்கள் மூன்றாம் வருஷம் ஒரு முழுப் பேப்பர் அதைத்தான் படித்தோம். ஒரு வாரத்தில் பதில் சொல்ல வேண்டும்.

அவள் என்னிடம் யோசனை கேட்டாள். நான் லேப்டாப்பைத் திறந்து வெள்ளை வரிசையைக் காட்டினேன்.

"இன்னாடி, ஒண்ணுமே இல்லாம கீது?" என்றாள்.

"அதான் சொல்றேன். அந்த ஏரியாவுல பட்டதாரிக்கு மார்க்கெட்டே இல்ல. இங்க பாரு, பெருங்குடி. எவ்ளோ பச்சை!"

"அந்த அக்கா நிச்சயமாச் சொல்லுதுடி. வந்து சேர்ந்துக்கினா போதுமாம்."

"மீன் வாங்குற அக்கா சொல்றதெல்லாம் டேட்டா ஆயிடுமா?"

இந்த வாக்கியத்தை நான்தான் சொன்னேன்.  அவள் பெருங்குடி வரிசையின் மேல் விரலைக் கடைசி வரை ஓட்டிப் பார்த்தாள். பிறகு, "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். வகுப்பில் என்னைவிட நாலு மதிப்பெண் கூட வாங்கியவள் அவள். அந்த வாரக் கடைசியில் பட்டறைக்குப் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அதே வாரம் எனக்கும் வேலை கிடைத்தது. தி.நகரில் ஒரு சந்தை ஆய்வு நிறுவனம். சித்தப்பாவுக்கு அங்கே தெரிந்தவர் இருந்தார்; ஒரு போன் செய்தார்; நான் போய்ச் சேர்ந்தேன். இதை என் அட்டவணையில் ஏற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது வேலை தேடிக் கிடைத்தது போலவே இல்லை. கல்யாணச் சாப்பாட்டில் பந்திக்கு உட்கார்ந்தது போல ஏதோ வீட்டு விஷயமாக இருந்தது.

அவள் பெருங்குடிக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருந்தாள். ஆள் எடுத்துக் கொடுக்கும் கன்சல்டன்சிகளிலிருந்து போன் வரும். இருக்கிற நல்ல சுடிதாரைப் போட்டுக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போவாள். வந்து, "நல்லாத்தான் பண்ணேன்" என்பாள். அப்படியே ஆவணி போய்ப் புரட்டாசியும் வந்துவிட்டது.

ஒருநாள் மாலை நான் அலுவலகத்தை விட்டு இறங்கும்போது வாசலில் நின்றுகொண்டிருந்தாள். சொல்லாமல் வருகிறவள் இல்லை. பனகல் பார்க்குக்குப் போய் உட்கார்ந்தோம். வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரிக்காமலேயே கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்குப் போன எடத்துல ரிசப்ஷன்ல ஒரு பொண்ணு, 'நீங்க போன வாரமும் வந்தீங்கல்ல?'ன்னு கேக்குது. அப்பத்தான் சுத்திப் பார்த்தேன். அதே சோஃபா, அதே பிளாஸ்டிக் பூஜாடி. மூணு கன்சல்டன்சி மூணு வாட்டி அனுப்பிச்சுது. பில்டிங்குக்கு ரெண்டு வாசல்டி, நான் வேற வேற எடம்னு நெனச்சுக்கினு போய்க்கினு இருந்தேன். கீறது ஒரே ஒரு சீட்டு. அதுவும் எப்பவோ ஆள் எடுத்துட்டாங்களாம், விளம்பரத்த எடுக்க மறந்துட்டாங்களாம்."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை என்று பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

"எங்கம்மாவுக்குக் காலைல காசிமேட்டுலேர்ந்து போன் வரும்" என்றாள். "வஞ்சரம் வந்துகீதுன்னு நாலு பேரு சொல்லுவாங்க. அம்மா இன்னா கேக்கும் தெரியுமா? மீன் புடிச்சாந்த போட்டு நம்பர் இன்னா, அதான் மொதக் கேள்வி. ஒரே போட்டப் பார்த்துட்டு நாலு பேரு போன் பண்ணா, அது நாலு போட்டா ஆயிடுமா? நீ டிகிரி படிச்சவ. நானும் படிச்சவ. ரெண்டு பேருல ஒருத்தி கேட்டமா?"

 ஒன்றையே இரண்டு முறை எண்ணாதே என்பது முதல் செமஸ்டர் முதல் பாடம். ஜூனியர் ஒருத்தி செய்திருந்தால் சிவப்பு மையில் அடித்திருப்பேன். அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு விளம்பரத்தையும் அதன் நிஜமான கட்டடம் வரைக்கும் தேடிப் போனேன். பல பேர் போட்ட விளம்பரங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தன. கரும்பச்சை வெளிறிக்கொண்டே வந்து, மதியச் சாப்பாட்டுக்குள் ஐந்தாறு இடமாகச் சுருங்கிவிட்டது. ஈக்காட்டுத்தாங்கல் வரிசையின் வெள்ளைக்கும் காரணம் புரிந்தது. அந்தப் பட்டறைகள் இணையத்தில் விளம்பரமே போடுவதில்லை. நான் பார்க்காத இடத்துக்குப் பூஜ்யம் போட்டு வைத்திருந்தேன்.

மறுநாளே அவளுடன் அந்தப் பட்டறைக்குப் போனேன். அரை நாள் லீவு.  சூப்பர்வைசர் எழுந்து நின்று உட்காரச் சொன்னார், நல்ல மனிதர். "அன்னிக்கே வந்திருக்கலாமேம்மா" என்றார். வேறொரு பெண் சேர்ந்து ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. அவர் முதுகுக்குப் பின்னால் சுவரில் அளவுகளின் வரைபடம் தொங்கியது. நடுக்கோடு, மேலெல்லை, கீழெல்லை, எல்லாம் சுத்தமாகப் போட்டிருந்தது. என் தோழி அதைக் கடைசிப் புள்ளி வரை பார்த்தாள். அங்கே நின்ற அந்த இரண்டு நிமிஷத்தில் வெறுத்தது போல என்னை நான் எப்போதும் வெறுத்ததில்லை.

வெளியே வந்ததும் அவளே சொன்னாள்: "வந்தது வந்துட்டோம். பக்கத்து கேட்டக் கேப்போம்."

அதிலிருந்து மூன்று வாரம் அவள் தினமும், நான் சனிக்கிழமைகளில், ஈக்காட்டுத்தாங்கல் சந்துகளில் அலைந்தோம். கேட்டில் தொங்கும் 'ஆட்கள் தேவை' பலகைகளெல்லாம் டர்னருக்கும் ஃபிட்டருக்கும் ஹெல்பருக்கும்தான். பட்டதாரி வேலையைப் பலகையில் எழுத மாட்டார்கள். அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நான் வாட்ச்மேனிடம் போய், "இங்க வேக்கன்சி இருக்கா சார்?" என்பேன். "இல்ல" என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிடுவார். அவள் போனால் கதையே வேறு. "அண்ணா, உள்ள கம்ப்யூட்டர்ல எழுதுறவங்க யாராச்சும் சமீபத்துல நின்னுட்டாங்களா?" என்பாள். யார் வருகிறார்கள் என்பது முதலாளிக்குத் தெரியும். யார் நின்றுவிட்டார்கள் என்பது வாட்ச்மேனுக்குத்தான் தெரியும். கல்யாணமாகிப் போன பெண், பெங்களூருக்குப் போன பையன் என்று வரிசையாகச் சொல்வார்.

ஒரு நீள நோட்டு வாங்கினோம். என்ன வேலை, எத்தனை பேர், யார் சொன்னது, எந்தத் தேதி என்று கட்டம் போட்டோம். முதல் கட்டத்துக்கு 'கம்பெனி முகவரி' என்று நான் எழுதப் போனேன். அவள் பேனாவைப் பிடுங்கி 'போட் நம்பர்' என்று எழுதினாள். அதில் எந்தத் தெரு, எத்தனையாவது கேட், என்ன நிறம் என்பதைக் குறிப்போம். பச்சையும் கிடையாது, வெள்ளையும் கிடையாது. நாங்கள் கேட்காத தெருவுக்குக் 'கேட்கவில்லை' என்றே எழுதினோம்.

தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, நீல கேட் போட்ட ஓர் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் கூப்பிட்டார்கள். பெட்டிகளின் தரத்தைச் சோதித்துப் பதிவு செய்யும் வேலை. வரைபடம் கிரைபடம் எல்லாம் இல்லை. பாதி நாள் பில் அடிக்க வேண்டும், சனிக்கிழமையும் முழு நாள். முதலில் வந்த வேலைக்கு இது உறை போடக் காணாது. இருந்தாலும் வேலை ஆர்டரை வாங்கிப் பைக்குள் வைத்தபோது அவள் முகம் விரிந்துவிட்டது. அம்மாவுக்குப் போன் செய்து, "ம்மா, ஆளு வேற பாத்துக்கோ" என்று கத்தினாள்.

பஸ் ஸ்டாப்புக்கு எதிரே டீ குடித்தோம். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. நோட்டைப் புரட்டிக்கொண்டே, "இதை ஜூனியர்ஸுக்குக் கொடுக்கலாம்டி. அப்படியே தெற்குச் சென்னை முழுக்கப் போட்டுடலாம்" என்றேன். என் குரலில் பழைய பெருமை எட்டிப் பார்த்ததை நானே கேட்டேன்.

"குடுக்கலாமே. அப்ப உன் ஆபீஸையும் எழுதிக்கலாம். சொல்லு" என்று பேனாவைத் திறந்தாள். "போட்டு நம்பர்?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். நானும் விளையாட்டாகவே கட்டடத்தையும் மாடியையும் சொன்னேன். எழுதினாள்.

"இன்னா வேலை?"

"டேட்டா அனலிஸ்ட்."

"யாரு சொன்னது?"

"சித்தப்பா."

"எத்தினி பேரு வேணும்னு கேட்டாங்க?"

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். சித்தப்பா போனில் சொன்னது அன்றைய குரலிலேயே காதில் கேட்டது. "ரெண்டு பேர் வேணும்ங்கறா. நீ போ. இன்னொரு எடத்துக்கு நம்மாத்துப் பொண்ணு யாராவது இருந்தா சொல்லு." நான் ஒரு நிமிஷம் யோசித்து ஒன்றுவிட்ட அத்தை பெண்ணின் நம்பரைக் கொடுத்தேன். அவள் படித்தது வேதியியல். மூன்று வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து புள்ளியியல் படித்தவளின் முகம் அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு ஞாபகமே வரவில்லை. மறைத்தேன் என்றால்கூட ஏதோ ஒரு காரணம் சொல்லலாம். நினைக்கவே இல்லை.

பொய் சொல்லியிருக்கலாம். அந்த நோட்டில் பொய் எழுத மனம் வரவில்லை.

"ரெண்டு" என்றேன்.

பேனா நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து '2' என்று எழுதினாள். கடைசிக் கட்டம் ஒன்று பாக்கி இருந்தது.

"தேதி?"

"நீ பட்டறைக்குப் போய் வேணாம்னு சொல்லிட்டு வந்தியே" என்றேன். "அதுக்கு முந்தின நாள்."

அந்தத் தேதி அவளுக்கு மனப்பாடம். என்னிடம் கேட்காமலேயே எழுதி, மை காயும்வரை ஊதி, நோட்டை மூடி என் மடியில் வைத்தாள்.

"ஜூனியர்ஸுக்குக் குடுக்கறதுக்கு முன்ன இந்தப் பக்கத்தக் கிழிச்சுராத" என்றாள். பஸ் வந்தது. முதலில் அவள் ஏறி, எனக்கும் சேர்த்து இடம் பிடித்தாள்.